எலும்பில்லாத வரிசை

மீன்காட்சிச் சாலையில் அவளை எல்லோரும் தொட்டியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பெயர் வைத்தது வாசலில் டிக்கெட் கிழிக்கிறவர். அவருக்கு அவளைவிடப் பத்து வயதாவது கூட இருக்கும். இருந்தாலும் அவருக்கும் அவள் அக்காதான். "நீங்க என்னைத் தம்பின்னு கூப்பிடுங்க, எனக்கும் வயசு குறைஞ்ச மாதிரி இருக்கும்" என்பார். அவள் ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

முன் கூடத்தில் சுறாக்குட்டிகளும் ஒரு கிழட்டு ஆமையும் இருந்தன. கூட்டம் அங்கேதான் மொய்க்கும். அதைத் தாண்டினால் வெளிச்சம் குறைந்த ஒரு நடைவழி. அதில் இடுப்பு உயரத்தில் வரிசையாகக் கண்ணாடித் தொட்டிகள். பூ மாதிரி விரிந்து பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கும் கடல் சாமந்திகள், உருட்டி வைத்த மாவு மாதிரி கிடக்கும் கடல் அட்டைகள், மணலுக்குள் குடியிருக்கும் புழுக்கள், கண்ணாடியில் அப்பிக்கொண்டு நகரும் நட்சத்திர மீன்கள். ஒன்றுக்கும் எலும்பு கிடையாது. அதனால் அதற்கு எலும்பில்லாத வரிசை என்று பெயர் விழுந்துவிட்டது. வருகிறவர்களில் பாதிப் பேர் அதைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் உயிரோடதான் இருக்கா?" என்று கேட்டுவிட்டுக் கழிப்பறையைத் தேடிப் போவார்கள்.

அவள் முதலில் கண்ணாடி துடைக்க வந்தவள். வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்த ஆள், ஆமையைக் கவனிக்கும் வேலை காலியானதும் அந்தப் பக்கம் தாவிவிட்டார். "இந்தக் கொழகொழப்பை யாரு கட்டி மாரடிக்கிறது" என்று மற்றவர்கள் ஒதுங்கியபோது, கையில் துணியோடு அங்கே நின்றிருந்தது அவள் ஒருத்திதான். அப்படி வாய்த்த வேலை.

டாக்டரம்மாதான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார். டாக்டரம்மா என்றால் ஊசி போடுகிறவர் இல்லை. கடல் பிராணிகளைப் பற்றிப் படித்துப் பட்டம் வாங்கியவர், அந்த இடத்துக்கே பொறுப்பானவர். புதிதில் ஒருநாள் காலையில், பெரிய சாமந்தி ஒன்று சுருங்கி ஈரத்துணி மாதிரி பாறையில் படிந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு அவள் பதறி ஓடினாள்.

"மேடம், அது செத்துப்போச்சு."

டாக்டரம்மா வந்து குனிந்து பார்த்தார். "சாகலை. வாயைத் திறந்து தண்ணியெல்லாம் வெளியே விட்டிருக்கு. இது நிக்கிறதே உள்ளே இருக்கிற தண்ணியாலதான்."

"மறுபடி எப்படி நிக்கும்?"

"மெதுவா. உள்ளே கண்ணுக்குத் தெரியாத மயிர் மாதிரி இருக்கு. அதுங்க அசைஞ்சு அசைஞ்சு கொஞ்சம் கொஞ்சமா தண்ணியை உள்ளே தள்ளும். நாம ஊதி நிமிர்த்த முடியாது."

மத்தியானம் போய்ப் பார்த்தபோது அது பாதி நிமிர்ந்திருந்தது. சாயங்காலம் முழுசாக நின்றது. அன்றைக்கு அவள் வீட்டுக்குப் போய் அதையே பேசிக்கொண்டிருந்தாள்.

கேட்டுக்கொண்டிருந்தவர் அவள் புருஷன், லிஃப்ட் மெக்கானிக். ஊரில் எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் பாதியில் நின்றாலும் அவருக்குத்தான் போன் வரும். எதையும் சிரிப்பாக்கிவிடுகிற மனுஷன். "என் பெண்டாட்டிக்கு முதுகெலும்பு இல்லாத ஜீவனை மேய்க்கிறதுதான் வேலை. அங்கே ஒரு வரிசை, வீட்ல நான் ஒருத்தன்" என்று யார் வந்தாலும் சொல்வார். அது முழுப் பொய்யும் இல்லை. அவருடைய அக்கா முன்னால் அவர் வாயே திறக்க மாட்டார்.

அந்த அக்கா அடுத்த தெருவில் ஒரு தையல் மெஷினோடு தனியாக இருந்தார். தாயில்லாத வீட்டில் தம்பியைத் தூக்கி வளர்த்து, பள்ளிக்கு அனுப்பி, வேலையில் சேர்த்துவிட்டு, தனக்கென்று ஒன்றும் செய்துகொள்ளாமல் இருந்துவிட்டவர். தொட்டியக்காவுக்கு அவர் நாத்தனார். அண்ணி என்றுதான் கூப்பிடுவாள். இரண்டு பேருக்கும் சண்டை கிடையாது, ஒட்டுதலும் கிடையாது. இடையில் ஒருவர் சிரித்துக்கொண்டே இருந்ததால் அது வெளியே தெரியாமல் இருந்தது.

ஒருநாள் காலையில் ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்டைச் சரிசெய்து முடித்து, மேலும் கீழும் ஓட்டிப் பார்த்துவிட்டு, காவலாளி கொடுத்த டீயை வாங்கிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார் அவர். அப்புறம் எழுந்திருக்கவில்லை. அசந்து தூங்குகிறார் என்று நினைத்து யாரும் எழுப்பவும் இல்லையாம்.

போன் வந்தபோது அவள் தொட்டிக் கண்ணாடியில் படிந்த பாசியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். கேட்டாள். "சரி, வர்றேன்" என்றாள். போனை வைத்துவிட்டு, மிச்சமிருந்த பாதிக் கண்ணாடியையும் சுரண்டி முடித்தாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். டிக்கெட்காரரிடம், "வீட்டுக்காரர் போயிட்டாராம், நான் கிளம்பறேன்" என்று சொன்னாள். எங்கே போய்விட்டார் என்று அவர் கேட்க வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அந்தப் பாதிக் கண்ணாடி எப்படியோ வெளியே தெரிந்துபோயிற்று. வீட்டில் கூடியிருந்த சொந்தக்காரர்கள் அதைக் காதோடு காதாகப் பேசிக்கொண்டார்கள். அவள் மூலையில் உட்கார்ந்து, வந்தவர்களின் செருப்புகள் வாசலில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாத்தனார் தரையில் புரண்டு அழுதார். யாரோ அவளைக் கட்டிக்கொண்டு, "அழுதுடும்மா, அழுதுடு" என்று உலுக்கினார்கள். அவளும் முயற்சி செய்துதான் பார்த்தாள். வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்கும், ஆனால் தன் கன்னம் மாதிரி இருக்காதே, அவளுக்கு உடம்பு முழுவதும் அப்படி இருந்தது.

கூட்டம் கலைந்த பிறகு நாத்தனார் தையல் மெஷினை ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். "அவளைத் தனியா விடக்கூடாதுன்னு வந்தேன்" என்று அக்கம்பக்கத்தில் சொன்னார். உண்மையில் தனியாக இருக்க முடியாதவர் அவர்தான். மெஷினை ஜன்னலோரம் போட்டார். அதை மிதிக்கும்போது அழுவார். நூல் கோர்க்கும்போது அழுவார். குளியலறையில் தம்பி பல் தேய்த்த பிரஷைப் பார்த்து அழுவார். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, அடுத்த தெருக்காரியின் ரவிக்கைக்குக் கொக்கி வைப்பார்.

தொட்டியக்கா வேலைக்குப் போனாள், வந்தாள். சமைத்ததைச் சாப்பிட்டாள். கேட்டதற்குப் பதில் சொன்னாள். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டால், அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, சலித்துக்கொள்ளாமல் திரும்பி நடந்தாள். ஒருநாள் ஒரு காலில் தன் செருப்பும் மறு காலில் அவருடைய செருப்புமாக வேலைக்குப் போய்ச் சேர்ந்தாள். பெரிய செருப்பு படீர் படீரென்று அடித்துக்கொண்டே வந்ததைத் தெருவே கேட்டிருக்கும். டிக்கெட்காரர்தான் தயங்கித் தயங்கிக் காட்டினார். அவள் குனிந்து பார்த்தாள். "ஓ" என்றாள். சாயங்காலம் வரை அதோடுதான் நடந்தாள்.

இதையெல்லாம் பார்க்கப் பார்க்க நாத்தனாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கல்லுளிமங்கி மாதிரி இருக்கியே, எப்படிம்மா முடியுது?"

"என்ன அண்ணி?"

"என்ன அண்ணியா? உன் கூட அத்தனை வருஷம் குடும்பம் நடத்தினவன். ஒரு சொட்டுக் கண்ணீர்? அவன் பேரையாவது வாய் திறந்து சொன்னியா?"

அவள் தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். "சொல்லணும்னு தோணலை அண்ணி."

"நான் செத்தாலும் இப்படித்தான் கண்ணாடியைத் துடைச்சுட்டு நிதானமா வருவே."

அதற்கும் கோபம் வரவில்லை. ஒருவேளை அப்படித்தான் வருவோமோ என்று யோசித்தாள். அப்படித்தான் வருவோம் என்று பட்டது. விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கையில்தான் அந்தக் காரியம் நடந்தது.

தொட்டியில் தண்ணீர் தினமும் கொஞ்சம் ஆவியாகும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அங்கேயே நின்றுவிடும். அதனால் குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர் விட்டு நிரப்ப வேண்டும். மாடியில் அதற்கென்று ஒரு தொட்டி உண்டு. அதிலிருந்து வரும் ரப்பர் குழாயை வரிசையின் அடியில் இருக்கும் பொதுத் தொட்டியில் போட்டு, தண்ணீர் அதன் சுவரில் போட்டிருக்கும் கோட்டைத் தொட்டதும் மூடிவிட வேண்டும். எல்லாத் தொட்டிக்கும் தண்ணீர் அங்கிருந்துதான் ஏறி இறங்கும். பல் தேய்க்கிற மாதிரி தினமும் செய்கிற வேலை, யோசிக்க வேண்டியதே இல்லை.

அன்றைக்கும் குழாயைப் போட்டாள், திறந்தாள். எதிரே பெரிய சாமந்தி விரிந்து நின்றது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

முன் கூடத்துத் தரையில் தண்ணீர் வழிந்து வருவதைப் பார்த்து டிக்கெட்காரர் ஓடி வந்தார். நடைவழியில் கணுக்கால் நனைகிற அளவு தண்ணீர். அதன் நடுவில் தொட்டியக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். அடித் தொட்டி நிறைந்து, கடல் தண்ணீர் விளிம்பைத் தாண்டிச் சாக்கடையில் இறங்கிக்கொண்டே இருந்தது. அதற்குப் பதிலாக நல்ல தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது.

"ஐயையோ! அக்கா! குழாய்!"

அவரே போய் மூடினார். அவள் அப்போதுதான் தொட்டிகளைப் பார்த்தாள். நட்சத்திர மீன்கள் கண்ணாடியிலிருந்து ஒவ்வொன்றாகக் கழன்று அடியில் மல்லாந்து கிடந்தன. கடல் அட்டைகள் பயந்துபோய்க் குடலை வெளியே கக்கியிருந்தன. அது நூல்கண்டு அவிழ்ந்த மாதிரி தண்ணீரில் மிதந்தது. சாமந்திகள் வாய் பிளந்து, சில ஊதியும் சில சரிந்தும் கிடந்தன.

பார்த்தாள். இப்போதாவது ஏதாவது வரும் என்று காத்திருந்த மாதிரிகூட இருந்தது. ஒன்றும் வரவில்லை. தானே போய் டாக்டரம்மாவின் அறைக் கதவைத் தட்டினாள்.

"யார் குழாயைத் திறந்தது?" என்றார் டாக்டரம்மா, கால் நனைய ஓடிவந்து.

"நான்தான் மேடம்."

"விட்டுட்டு எங்கே போனீங்க?"

"எங்கேயும் போகலை. இங்கேயேதான் நின்னுட்டிருந்தேன்."

டாக்டரம்மாவுக்கு முகம் சிவந்தது. "நின்னுட்டிருந்தீங்களா? இதையெல்லாம் பார்த்துக்கிட்டா? உங்களை நம்பித்தானே விட்டிருக்கேன்? குழாய் தெரியலை, தண்ணி தெரியலை, கண்ணைத் திறந்துட்டே தூங்கினீங்களா?" என்று பொரிந்து தள்ளினார். அப்புறம் பழக்கத்தில், "சரி, அழாதீங்க" என்றார். சொன்ன பிறகு அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். அழவில்லை என்று தெரிந்ததும் அவருடைய குரல் இறங்கிவிட்டது. "வாங்க. முதல்ல இதுங்களைப் பார்ப்போம்."

கடல் தண்ணீர் சேமிப்பில் இருந்தது. ஆனால் ஒரேயடியாக ஊற்றிவிட முடியாது. நல்ல தண்ணீர் உடம்புக்குள் ஏறி ஊதிப்போன பிராணியை உப்புத் தண்ணீரில் தூக்கிப் போட்டால் அந்த அதிர்ச்சியிலேயே போய்விடும். ஒவ்வொன்றையும் தனித்தனி வாளியில் எடுத்து, மெல்லிய குழாய் வழியாகக் கடல் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். குழாயை விரலால் நசுக்கி வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஆள் வேண்டும். நிறைய கை வேண்டியிருந்தது. டிக்கெட்காரர் வாசலைச் சாத்திவிட்டு வந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் நாத்தனார் வந்தார். அவள் சாப்பாட்டுப் பாத்திரத்தை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தாள். திட்டிக்கொண்டே எடுத்து வந்தவர், உள்ளே வந்து வாளிகளையும் ஈரத்தையும் பார்த்ததும் திட்டுவதை நிறுத்தினார். டிக்கெட்காரர் நடந்ததைச் சொன்னார். நாத்தனார் அவளைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, பாத்திரத்தை ஓரமாக வைத்துவிட்டு, புடவையை இடுப்பில் சொருகிக்கொண்டு ஒரு வாளி முன்னால் உட்கார்ந்தார்.

"எதை அமுக்கணும், சொல்லு."

அவள் காட்டினாள். தையல்காரி விரல்கள். சொட்டு ஒரே சீராக விழுந்தது.

வாளிக்குள் மணல் புழு ஒன்று கிடந்தது. நாத்தனார் முகத்தைச் சுளித்தார். "ஐயே, இது என்னம்மா? ரத்தக்கட்டு மாதிரி."

"புழு அண்ணி. மணலைத் துளைச்சு வீடு கட்டும்."

"எதை வெச்சுத் துளைக்கும்? எலும்பும் இல்லை, பல்லும் இல்லை."

"தண்ணியை வெச்சு."

"என்னை என்ன கேணச்சின்னு நினைச்சியா?"

"இல்லை அண்ணி, நிஜமா." அவள் பக்கத்து வாளியில் குழாயை நசுக்கிக்கொண்டே சொன்னாள். "தண்ணியை எவ்வளவு அமுக்கினாலும் அது சின்னதாகாது. ஒரு பக்கம் அமுக்கினா இன்னொரு பக்கம் பிதுங்கும். புழு உடம்பு ஒரு தண்ணிப் பை. பையைச் சுத்தி ஒரு சதை இருக்கு, நீளவாக்குல ஒரு சதை இருக்கு. சுத்தி இருக்கிறது இறுக்கினா உடம்பு ஒல்லியாகி முன்னாடி நீளும், மணலுக்குள்ளே நுழையும். அப்புறம் நீளவாக்குல இருக்கிறது இழுக்கும். குட்டையாகி, முன்பக்கம் உப்பி, மணல்ல ஆப்பு மாதிரி மாட்டிக்கும். மாட்டிக்கிட்டு மிச்ச உடம்பை இழுத்துக்கும். மறுபடி ஒல்லி, மறுபடி குண்டு. அவ்வளவுதான்."

நாத்தனார் யோசித்தார். "பாவாடைக்கு நாடா கோர்க்கிற மாதிரி சுத்தி ஒரு நாடா. திரைச்சீலையைத் தூக்கிச் சுருக்குறதுக்கு மேலேருந்து கீழே ஒரு நாடா. ரெண்டையும் மாத்தி மாத்தி இழுக்கிறது."

"அதேதான் அண்ணி."

"அப்போ உள்ளே தண்ணி இல்லைன்னா?"

"நாடா மட்டும் இருந்து என்ன பண்றது? எதைப் பிடிச்சு இழுக்கும்?"

டாக்டரம்மா எதிரே நட்சத்திர மீன்களைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "இதோட காலும் அப்படித்தான்" என்றார் தலை நிமிராமல். "ஒவ்வொரு குட்டிக் காலுக்கும் மேலே ஒரு குட்டிக் குமிழ். குமிழ் அமுங்கினா தண்ணி காலுக்கு இறங்கி கால் நீளும். நம்ம நாக்குகூடக் கிட்டத்தட்ட இதே வகைதான், உள்ளே பை கிடையாது, சதையே தண்ணி மாதிரி வேலை செய்யும். ஒரு பக்கம் சுருங்கினா இன்னொரு பக்கம் நீளும்."

"அதான் என் நாக்கு சும்மா கிடக்க மாட்டேங்குது" என்றார் நாத்தனார்.

டிக்கெட்காரர் சிரித்துவிட்டார். தொட்டியக்கா சிரிக்கவில்லை. ஆனால் நாத்தனார் வேறொன்றைக் கவனித்தார். தம்பி போன பிறகு அவள் இத்தனை வார்த்தை சேர்த்துப் பேசியதே இல்லை. அதுவும் ஒரு புழுவைப் பற்றி. அழுவதா, அடிப்பதா என்று அவருக்குத் தெரியவில்லை. குழாயைக் கொஞ்சம் தளர்த்தி விட்டார்.

நட்சத்திர மீன்களில் ஒன்றுகூடத் தேறவில்லை. புழுக்கள் பெரும்பாலும் பிழைத்தன. அவை அசட்டுத் தைரியசாலிகள், எதையும் தாங்கும் என்றார் டாக்டரம்மா. கடல் அட்டைகளில் குடலைக் கக்கிய சில வெறும் கூடாகக் கிடந்தே புதுக் குடல் வளர்த்துக்கொண்டன. சிறிய சாமந்திகள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன. பெரியது மட்டும் எழவில்லை. தினமும் காலையில் அவள் போய்ப் பார்ப்பாள். பாறையில் ஒரு பழுப்பு அப்பளமாக ஒட்டிக் கிடந்தது. கொஞ்ச நாளில் ஓரம் கரைந்து தண்ணீர் நாறத் தொடங்கியது. அவள் கையுறை போட்டுக்கொண்டு வழித்தெடுத்தாள். வழித்தெடுக்கும்போது, இது எத்தனை வருஷம் இங்கே நின்றது என்று ஓடியது மனசில். அதற்கு மேல் ஓடவில்லை.

வேலை போய்விடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். டாக்டரம்மா அவளை அறைக்குக் கூப்பிட்டார்.

"கொஞ்ச நாள் லீவு போடறீங்களா?"

"வீட்ல உட்கார்ந்து என்ன பண்றது மேடம்?"

"அப்போ ஒண்ணு. இனிமே குழாயை நீங்க தனியாத் திறக்கக்கூடாது. கூட ஒருத்தர் நிக்கணும். உங்களுக்காகச் சொல்லலை, எல்லாருக்கும்."

"எனக்காகவே சொல்லலாம் மேடம். எனக்குப் பயம்கூட வரலை. அதான் எனக்கே சரியாப் படலை."

டாக்டரம்மா பேனாவை மூடினார், திறந்தார். "வரும்போது வரட்டும்" என்றார். அன்றிலிருந்து குழாய் திறக்கும் நேரத்தில் டிக்கெட்காரர் பக்கத்தில் வந்து நின்று, கோடு வரும் வரை ஏதாவது கதை அளந்துகொண்டிருப்பார்.

நாத்தனாருக்கு அந்த இடம் பிடித்துப்போயிற்று. சாப்பாட்டுப் பாத்திரத்தைச் சாக்கிட்டு அடிக்கடி வந்தார். புழுத் தொட்டியின் முன்னால் நின்று, "நீட்டு, இழு, நீட்டு, இழு" என்று அதற்குச் சொல்லிக்கொடுத்தார். பார்க்க வந்தவர்களுக்கு நாடாக் கணக்கை விளக்கினார். ஒரு தடவை, தண்ணீரை வடிகட்டும் துணிப் பைகள் கிழிந்து தொங்குவது அவர் கண்ணில் பட்டது.

மறுபடி வந்தபோது கையோடு நாலைந்து புதுப் பைகள் தைத்துக்கொண்டு வந்திருந்தார். வாய்ப்பக்கம் மடித்து, இரட்டைத் தையல் போட்டு, இழுக்க நாடாவும் வைத்திருந்தார். பெருமையாக எடுத்துக் கொடுத்தார். துணி கரு நீலம். ஒரு பையில் சட்டைப் பாக்கெட்டின் மேல் விளிம்பு அப்படியே இருந்தது. அதில் எண்ணெய்க் கறை.

தொட்டியக்கா பையைப் புரட்டிப் பார்த்தாள்.

"இது எந்தத் துணி?"

"வீட்ல சும்மாக் கிடந்ததும்மா. கெட்டித் துணி, நல்லா உழைக்கும்."

"யாரைக் கேட்டு வெட்டினீங்க?"

நாத்தனார் திகைத்தார். அவள் குரல் அந்த நடைவழியில் அவ்வளவு உயர்ந்து யாரும் கேட்டதில்லை.

"இதுல சாயம் இறங்கும், தெரியாதா? சாயம் இறங்கினா மிச்சம் இருக்கிறதும் செத்துப்போகும்! நானே பாதியைக் கொன்னுட்டு நிக்கிறேன், நீங்க மீதியைக் கொல்ல வந்தீங்களா? யாரைக் கேட்டீங்க? பீரோவைத் திறக்கச் சொன்னது யாரு? என்னைக் கேட்கணும்னு தோணலையா உங்களுக்கு? அது அவர் சட்டை!"

தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம் மெதுவாக முன் கூடத்துக்கு நகர்ந்தது. டிக்கெட்காரர் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். தொட்டியக்காவுக்கு மூச்சு இரைத்தது. பையை வீசியெறியத் தூக்கியவள், எறியாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நாத்தனார் சுவரோரம் கிடந்த கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்தார். வழக்கமாக இந்த நேரத்துக்கு அவர் அழ ஆரம்பித்திருப்பார். அழவில்லை.

"திட்டும்மா" என்றார். "இன்னும் இருந்தா திட்டு."

"இல்லை."

"நான் கேட்டிருக்கணும்."

"ஆமா. கேட்டிருக்கணும்."

"மத்ததை வெட்டலை. ஒண்ணுதான். மீதியெல்லாம் அப்படியே இருக்கு."

அவளுக்குக் கோபம் வந்த வேகத்திலேயே வடிந்துவிட்டது. மறுபடி அந்த ஊசி போட்ட கன்னம் மாதிரியான மரப்பு மேலேறியது. ஆனால் அது ஏறி வருவது இந்தத் தடவை அவளுக்குத் தெரிந்தது. முன்னால் அதுகூடத் தெரிந்ததில்லை. பைகளை அடுக்கி நாத்தனார் மடியில் வைத்தாள். "வெள்ளைத் துணியில தைங்க அண்ணி. சாயம் போடாதது. அளவு சரியாத்தான் இருக்கு" என்றாள்.

அதற்குப் பிறகு வெள்ளைத் துணிப் பைகள் வந்தன. நாத்தனார் தைத்ததுதான் இன்றைக்கும் அங்கே ஓடிக்கொண்டிருக்கிறது.

அவள் பிறகு எப்போதாவது அழுதாளா என்று கேட்டால், யாருக்கும் தெரியாது. பார்த்ததாக யாரும் சொல்லவில்லை. நாத்தனாரும் கேட்பதை விட்டுவிட்டார். வீட்டில் இரண்டு பேருக்கும் இப்போது சண்டை வரும். மின்விசிறி வேகத்துக்கு வரும், மெஷின் சத்தத்துக்கு வரும், நூல் துணுக்கு குழம்பில் விழுந்ததற்கு வரும். பக்கத்து வீட்டுக்காரர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். சண்டை முடிந்ததும் நாத்தனார் முகத்தில் ஒரு தெளிவு இருக்கும், நன்றாகத் தூங்கி எழுந்தவர் மாதிரி.

தம்பியின் பேச்சை எடுப்பது நாத்தனார்தான். "இந்த ஜோக்கைக் கேட்டா உன் வீட்டுக்காரன் குலுங்கியிருப்பான்" என்பார். தொட்டியக்கா, "ஆமா" என்பாள். சில நாள், "இல்லை, இதுக்கு அவர் சிரிக்க மாட்டார்" என்பாள். அவ்வளவுதான். அதற்கு மேல் போகாது.

வரிசையில் காலியாக இருந்த பாறைக்குப் புதிதாக ஒரு சாமந்தி வந்தது. தண்ணீர் நிரப்பிய பைக்குள் நெடுந்தூரம் பயணம் செய்து வந்ததால் கட்டைவிரல் அளவுக்குச் சுருங்கிக் கிடந்தது. டாக்டரம்மா அதைப் பாறையில் வைத்துவிட்டு, "இடம் பிடிக்குதான்னு பாருங்க" என்றார். அது பிடித்துக்கொள்ளவில்லை. தண்ணீர் ஓட்டத்தில் உருண்டு மூலைக்குப் போயிற்று. அவள் எடுத்து வைத்தாள், மறுபடி உருண்டது. பம்பின் வேகத்தைக் குறைத்து, கைக் குழிவால் மறைத்துப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் சில்லென்றிருந்தது. கை விறைத்துப்போகும் அளவுக்கு நேரமானது. அடிப்பாகம் ஒரு பக்கம் லேசாக ஒட்டியதை விரல் நுனியில் உணர்ந்ததும், கையை எடுத்துத் துடைத்துக்கொண்டு அடுத்த தொட்டிக்குப் போனாள்.